44 வயது வரை விலகாமல் ஒட்டிக்கொண்டிருந்த பயத்லான் வீரர் பியோண்டாலன், பேர் இருக்கும்போதே ஒதுங்கியிருக்க வேண்டாமா?

கேள்வி கேட்டவருக்கு இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஒரே வேலையை இருபது வருடம் செய்தவர்கள் "பேர் இருக்கும்போதே ஒதுங்கு" என்று இலேசில் சொல்லமாட்டார்கள். கோபிக்க வேண்டாம்.

நான் 1989இல் நோர்வே வந்தவன். முதலில் வடக்கே பின்மார்க்கில் மீன் ஆலை, பிறகு ஒஸ்லோவில் கிளீனிங். விளையாட்டு நிபுணன் இல்லை. ஸ்கீயில் ஏறி நின்றது வாழ்க்கையில் இரண்டு தரம், இரண்டு தரமும் விழுந்தேன். பிழை இருந்தால் திருத்துங்கள். ஆனால் "கிளீனிங்காரனுக்கு இதில் என்ன தெரியும்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அந்த வேலையால்தான் எனக்கு இந்த மனிதரையே தெரியும்.

முழுப்பெயர் ஊலே ஐனார் பியோண்டாலன். எங்கள் வேலைத்தலத்துத் தமிழருக்கு அவர் 'ஐயனார்'. 1974இல் பிறந்தவர். விளையாட்டைச் சுருக்கமாகச் சொன்னால், முதுகில் மூன்றரைக் கிலோவுக்குக் குறையாத துப்பாக்கியோடு பனியில் சறுக்கி ஓட வேண்டும். நடுவில் நின்று ஐம்பது மீட்டர் தூரத்தில் இருக்கும் ஐந்து வட்டங்களைச் சுட வேண்டும். ஒருமுறை படுத்துக்கொண்டு, இன்னொருமுறை நின்றுகொண்டு. படுத்துச் சுடும்போது வட்டம் நாலரை சென்டிமீட்டர்தான். ஒன்று தவறினால் 150 மீட்டர் தண்டனைச் சுற்று. மூச்சு வாங்க ஓடிவந்து ஊசியில் நூல் கோர்ப்பது மாதிரி.

2014 பெப்ரவரி 8, சனிக்கிழமை. ஒரு முதியோர் இல்லத்தில் எனக்கு வேலை. பின்னேரம் எல்லாரும் கூடத்தில் ரி.வி.க்கு முன்னால். சோச்சி ஒலிம்பிக், பத்துக் கிலோமீட்டர் ஸ்பிரின்ட். நான் பாட்டுக்கு வக்கியூம் கிளீனர் போட்டுக்கொண்டு போகிறேன், ஒரு கிழவி ஊன்றுகோலால் என் வயரைத் தட்டி "நிற்பாட்டு" என்று சைகை காட்டினாள். நிற்பாட்டினேன். நிற்பாட்டினால் பார்க்கத்தானே வேண்டும்.

ஐயனார் ஒரு குண்டைத் தவறவிட்டார். தண்டனைச் சுற்று ஓடினார். கூடத்தில் ஒருவர் கையால் முகத்தை மூடிக்கொண்டார். ஒரு குண்டும் தவறாத ஒஸ்திரியாக்காரர் லாண்டர்டிங்கரை விட, அந்தச் சுற்றையும் ஓடி முடித்து, 1.3 வினாடி முந்தித் தங்கம் எடுத்தார். அதற்குப் பன்னிரண்டு நாளுக்கு முதல்தான் அவருக்கு நாற்பது வயது ஆகியிருந்தது. குளிர்கால ஒலிம்பிக்கில் அந்த வயதில் தனிப்போட்டித் தங்கம் அதுவரை ஒருவரும் எடுத்ததில்லை.

என்னை நிற்பாட்டச் சொன்ன கிழவி அழுதாள். பக்கத்திலிருந்த கிழவர் என் வக்கியூமைக் காட்டி, "அவரும் போகிற ஹோட்டலுக்கெல்லாம் ஒன்றைக் கொண்டுபோகிறவர்தான், தெரியுமோ?" என்றார். பகிடி என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து தேடினால் உண்மை. கிருமி தொற்றித் தடிமன் வந்தால் ஒரு பருவமே வீணாகிவிடும் என்று அறையைத் தானே சுத்தம் செய்கிற மனிதர். அதைவிட, அவருக்கு மன உறுதிப் பயிற்சி கொடுத்தவரே முன்பு வக்கியூம் விற்றுத் திரிந்தவராம். அன்றிரவு மனிசிக்கு அதை மூன்று தரம் சொன்னேன். மூன்றாம் தரம் அவள் எழும்பிப் போய்விட்டாள்.

1998 நகானோ ஒலிம்பிக்கில் நடந்தது இன்னும் பிடிக்கும். அவர் முன்னிலையில் இருக்கும்போது பனியும் மூட்டமும் வந்து போட்டியை நிறுத்திவிட்டார்கள். நாளைக்கு முதலில் இருந்து ஓடு. துடைத்து முடித்த நிலத்தில் ஒருவன் சப்பாத்தோடு நடந்துவிட்டு "இன்னொருக்கால் துடை" என்று சொல்வது போல. அடுத்த நாள் வந்து, ஒரு நிமிடத்துக்கும் மேலான வித்தியாசத்தில் வென்றார். 2002 சோல்ட் லேக் சிற்றியில் நான்கு பயத்லான் போட்டிகளிலும் தங்கம். அதற்குப் பிறகு 2006இல் தூரினில் ஒரு தங்கமும் இல்லை, இரண்டு வெள்ளியும் ஒரு வெண்கலமும்தான். "முடிந்துவிட்டது" என்று அப்போதே சொன்னவர்கள் இருந்தார்கள். வயது 32. உங்கள் கணக்குப்படி அங்கேயே ஒதுங்கியிருக்க வேண்டும், இல்லையா?

சப்பாத்து என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்கிறேன். இங்கே தமிழ் விழாக்களில் மண்டபத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது துப்புரவாகக் கொடுக்க வேண்டும். மேடையில் ஏறிப் பேசினவர், பொன்னாடை போர்த்தினவர், போர்த்துக்கொண்டவர் எல்லாரும் பத்தரைக்குக் காரில் ஏறிவிடுவார்கள். போகிற வழியில் ஒருவர் தோளில் தட்டி, "அண்ணை, நீங்கள்தானே இதில புரொபஷனல்" என்பார். மேசைக்குக் கீழே வடை, நிலமெல்லாம் ஒட்டின சோடா. சம்பளம் இல்லாத புரொபஷனல். இதே ஆட்கள் தாங்களும் கிளீனிங்தான் செய்கிறோம் என்பதை ஊருக்குக் கதைக்கும்போது 'கம்பனி' என்று மட்டும் சொல்வார்கள். சரி, விடுங்கள்.

2016 உலகப் போட்டி ஒஸ்லோவில், ஹோல்மன்கொல்லன் மலையில் நடந்தது. அதோடு விலகுவார் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். 42 வயதில் அஞ்சலோட்டத்தில் தங்கம், தனிப்போட்டிகளில் இரண்டு வெள்ளி, ஒரு வெண்கலம். பிறகு எப்படி விலகுவார்? இன்னும் இரண்டு வருடம் என்றார். அந்த இரண்டு வருடம்தான் உங்கள் கண்ணில் குத்துகிறது. ஒலிம்பிக்கில் எட்டுத் தங்கம், உலகப் போட்டிகளில் 20 தங்கம். 2018 ஜனவரியில் அவரைப் பியோங்சாங் ஒலிம்பிக்குக்கான நோர்வே அணியில் சேர்க்கவில்லை. அந்தப் பருவத்தில் அவருடைய ஓட்டம் போதவில்லை, அது உண்மை. ஏப்ரலில் விலகினார்.

அதே மாரியில் எனக்கு 51. பெயர் வேண்டாம், நான் வேலை செய்த கம்பனியில் முப்பது வயதுகூட ஆகாத மேற்பார்வையாளர் ஒருவர் கூப்பிட்டார். கோப்பி தந்தார். கோப்பி தந்தாலே விளங்கிவிடும். "படிக்கட்டு வேலையை இளம் ஆட்களுக்குக் கொடுப்போம், நீங்கள் அலுவலகச் சமையலறைப் பக்கம் வாருங்கள், தோளுக்கும் நல்லது." ஆறு மாடிப் படியை முன்பு இரண்டு மணித்தியாலத்தில் முடிப்பேன், அந்த வருடம் இரண்டே முக்கால். அவர் கடிகாரம் பிழையில்லை. அவர் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் சண்டை பிடித்திருப்பேன். உண்மையாக இருந்தபடியால் கோப்பியைக் குடித்துவிட்டு வந்தேன்.

உலக வீரனோடு உன்னை ஒப்பிடுகிறாயா என்று யாரும் வரவேண்டாம். ஒப்பிடவில்லை. ஐயனாரை அணியில் சேர்க்காதது சரி. சேர்ப்பார்களா என்று கடைசி நாள் வரை ஓடிப் பார்த்ததும் சரி. கேட்டவர் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்புகிறார். ஐயனார் இன்னொருவருடைய இடத்தைச் சும்மா பிடித்துக்கொண்டு இருக்கவில்லை. தகுதிக்காக ஓடினார், கிடைக்கவில்லை.

ஆனாலும் அவர் பியோங்சாங்குக்குப் போனார், ஓட அல்ல, பெலாருஸ் அணியோடு. மனைவி டாரியா டொம்ராச்சேவா அந்த நாட்டு வீராங்கனை. அங்கே அஞ்சலோட்டத்தில் அவவுக்குத் தங்கம். நான் அந்த நேரம் சமையலறையில் கோப்பி மெசினைத் துடைத்துக்கொண்டு போனில் பார்த்தேன்.

என்னுடைய படிக்கட்டை இப்போது ஒரு எரித்திரியப் பெடியன் செய்கிறான். நல்ல வேகம். மூலைகளைத்தான் விட்டுவிடுகிறான். வேலை முடிந்து போகும்போது மூன்றாம் மாடியில் ஒருக்கால் குனிந்து பார்த்துவிட்டுத்தான் இறங்குவேன்.