மாசம் ஏறினால் குழந்தை அடங்கிவிடுமா?

கேள்வி: எனக்குத் தலைப்பிரசவம். 36 வாரம் முடிந்துவிட்டது. வளைகாப்புக்குப் பிறகு அணைக்கட்டு பக்கத்தில் அம்மா வீட்டில் இருக்கிறேன். கணவருக்கு ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை. குழந்தை முன்பு போல உதைப்பதில்லை, மெதுவாக உருளுகிறது. "மாசம் ஏறினா அடங்கிடும், பயப்படாதே" என்கிறார் ஆயா. சரிதானா? வலி எடுத்தால் எப்போது கிளம்புவது? கணவர் என்ன செய்யலாம்?

பதில்: ஆயா சொல்வதில் பாதிதான் சரி. இந்த வாரங்களில் குழந்தை வாரத்துக்குச் சுமார் 200 கிராம் எடை போடும். இடம் நெருக்கமாவதால் எட்டி உதைக்க முடியாமல் உருளும், நெளியும், விலாவில் முட்டும். அசைவின் விதம்தான் மாறும். அசைவு குறையக் கூடாது. வலி எடுத்த பிறகும் குழந்தை அசைந்துகொண்டுதான் இருக்கும். நஞ்சுக்கொடி வழியாகப் போகும் ரத்தம் குறைந்தால், குழந்தை தன் அசைவைக் குறைத்துக்கொள்ளும். 'அடங்கிடுச்சு' என்று ஒரு ராத்திரி காத்திருந்து கைமீறிப் போனதைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சாப்பிட்டதும் இடது பக்கம் ஒருக்களித்துப் படுங்கள். டிவி, போன் வேண்டாம். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் பத்து புளியங்கொட்டை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு அசைவுக்கும் ஒன்றை வெளியே எடுத்து வையுங்கள். உருண்டாலும் கணக்குதான். இரண்டு மணி நேரத்துக்குள் கிண்ணம் காலியாக வேண்டும். பல நாள் அரை மணியிலேயே காலியாகிவிடும். ஆகவில்லையா, அல்லது வழக்கத்தைவிடக் குறைவாகத் தோன்றுகிறதா, அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். ஜூஸ் குடித்துப் பார்ப்போம், விடியட்டும் என்று இருக்க வேண்டாம். அங்கே வயிற்றில் பெல்ட் கட்டிக் கொஞ்ச நேரம் இதயத் துடிப்பைப் பதிவு செய்வார்கள். வலிக்காது. எல்லாம் நன்றாக இருந்தால் திரும்பி வரலாம். வீண் அலைச்சல் என்று யாரும் திட்ட மாட்டார்கள்.

அப்புறம் வலி. வேலூர் வெயிலில் தண்ணீர் குறைந்தாலே வயிறு இறுகி இறுகி விடும். சீரகத் தண்ணீர் குடித்துப் படுத்ததும் அடங்கினால் அது சூட்டு வலி. நிஜ வலி பெரும்பாலும் இடுப்பிலிருந்து முன்பக்கம் வரும், படுத்தாலும் விடாது, இடைவெளி குறைந்துகொண்டே போகும். தலைப்பிரசவத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு வலி என்று ஒரு மணி நேரம் தொடர்ந்தால் கிளம்பச் சொல்வது வழக்கம். நீங்கள் வேலூருக்கோ அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரிக்கோ வந்து சேர வேண்டுமே. பத்து நிமிடத்துக்கு ஒன்று என்று ஒழுங்காக வரத் தொடங்கியதும் புறப்படுங்கள். சீக்கிரம் வரட்டும் என்று விளக்கெண்ணெய் கொடுத்தால் குடிக்காதீர்கள்.

பன்னீர்க்குடம் உடைந்தால் வலி இல்லாவிட்டாலும் கிளம்ப வேண்டும். வெள்ளைப் பருத்தித் துணி வைத்துக்கொண்டால் நிறம் தெரியும். பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது என்று அர்த்தம், ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. ரத்தப்போக்கு, விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, திடீரென முகம் வீங்குவது இவற்றுக்கும் அப்படித்தான். தலைவலி, கண் மங்கல், வீக்கம் என்றால் பிரஷர் ஏறியிருக்கலாம்.

கணவருக்கு. பல கம்பெனிகளில் வேலை நேரத்தில் போனை வெளியே வைத்துவிட வேண்டும். அதனால் கேட் செக்யூரிட்டி அல்லது சூப்பர்வைசர் நம்பரை வாங்கி, செக்கப் அட்டையின் பின்னாலேயே எழுதிக் கொடுங்கள். ராத்திரியில் யார் வண்டி வரும் என்று இப்போதே பேசிவையுங்கள்; இல்லாவிட்டால் 108. பிக்மி எண் (அரசின் கர்ப்பப் பதிவு எண்), ஆதார் நகல், ரத்த வகை எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். லீவு நாளில் வரும்போது அவள் புளியங்கொட்டை எண்ணும் நேரம் வயிற்றில் நீங்களும் கை வையுங்கள். உங்கள் குழந்தை எப்போது விளையாடும், எப்போது தூங்கும் என்பது பிடிபட்டுவிடும். பிறகு ஆம்பூரிலிருந்து போனில் "சாப்பிட்டியா?" என்று கேட்கும்போது "பத்து வந்துச்சா?" என்றும் கேளுங்கள்.

இன்று ராத்திரி சாப்பிட்டதும் முதல் கணக்கைத் தொடங்குங்கள், அம்மா. பத்து வரவில்லை என்றால் அடுத்த செக்கப் தேதிவரை காத்திருக்க வேண்டாம்.