நடந்தா சரியாயிரும்ங்காங்க, நான் நடந்தா படுத்துருதேன்

முக்கூடல்ல இருந்து 36 வயசு சகோதரி கேக்காங்க: போன வருஷம் டெங்கு வந்துச்சு, காய்ச்சல் விட்டு எட்டு மாசமாச்சு, அசதி மட்டும் போவல. பீடி சுத்த சுளக மடியில வச்சா அரை மணி நேரத்துல கை ஓய்ஞ்சிருது. ரத்தம், தைராய்டு, சுகர் எல்லாம் நார்மல். வீட்டுக்காரர் காலைல ஆத்துப்பக்கம் நடக்கச் சொல்லுதாரு. நடந்த அன்னைக்கு ஒண்ணும் தெரியல, ரெண்டாம் நாளு எந்திரிக்கவே முடியல. சோம்பேறிங்காங்க. நடக்கவா, வேண்டாமா?

பதில்:

தங்கச்சி, அந்த 'ரெண்டாம் நாளு'ன்னு எழுதியிருக்கீய பாருங்க, எனக்கு அதுதான் முக்கியம். சும்மா உடம்பு அசந்தா ஒரு தூக்கம் போட்டா தெளிஞ்சிரும், க்ரானிக் ஃபட்டீக் சிண்ட்ரோம்னு மாசக்கணக்குல அசதி விடாத ஒரு நோய் இருக்கு, அதுல அப்படி இல்ல, வேலை செஞ்சு 12ல இருந்து 48 மணி நேரம் கழிச்சுதான் அடிக்கும், அடிச்சா நாள்கணக்குல, சிலருக்கு வாரக்கணக்குல போடும். அதனாலதான் வீட்ல யாருக்கும் புரிய மாட்டேங்கு, வியாழக்கிழமை நடந்ததுக்கு சனிக்கிழமை படுத்தா எவன் நம்புவான்?

இது மனப்பிரமை இல்ல. இந்த நோயாளிகள அடுத்தடுத்து ரெண்டு நாள் சைக்கிள் மிதிக்க வச்சுப் பாத்திருக்காங்க, நல்லா இருக்கவங்க ரெண்டாம் நாளும் ஏறக்குறைய அதே அளவு மிதிச்சிருதாங்க, இவங்கள்ல நிறைய பேருக்கு மூச்சு வாங்காம செய்யக்கூடிய வேலை அளவே குறைஞ்சிருது. நோய் எதிர்ப்பு சக்தி பக்கமும் அப்படித்தான், உடற்பயிற்சி செஞ்சா யாருக்குமே ரத்தத்துல கொஞ்சம் கலகம் வரும், பொறவு அடங்கிரும், ஆனா சில ஆய்வுகள்ல இவங்களுக்கு காம்ப்ளிமென்ட்ங்கிற எதிர்ப்பு சக்திப் புரதங்கள்ல சி4ஏங்கிற துண்டு கூடுதலா ஏறியிருக்கு, வெள்ளணுக்கள்ல ஐஎல்-10, டிஎல்ஆர்4 மாதிரி ஜீன்களும் கூடுதலா வேலை செஞ்சிருக்கு. எல்லா ஆய்வுலயும் ஒரே மாதிரி வரல, அதனால இத வச்சு நோயக் கண்டுபிடிக்க ரத்த டெஸ்ட்னு எதுவும் கிடையாது, யாராவது லேப்ல அப்படிச் சொன்னா காசு குடுத்துராதீங்க.

உடற்பயிற்சிய கொஞ்சம் கொஞ்சமா கூட்டிக்கிட்டே போங்கன்னு, இங்கிலாந்துல எந்த நோய்க்கு என்ன சிகிச்சைன்னு வழி சொல்லுத நைஸ் அமைப்பு 2007ல சொல்லிச்சு, 2021ல அவங்களே அந்த முறைய வேண்டாம்னுட்டாங்க. நானும் முந்தி அப்படித்தான் சொல்லி அனுப்பிக்கிட்டு இருந்தேன், இப்ப நெனச்சா வருத்தமா இருக்கு.

அதனால இப்போதைக்கு அந்த ஆத்தோர நடைய நிறுத்துங்க. அசந்த பொறவு இல்ல, அசதி வாரதுக்கு முன்னாலயே சுளக எறக்கி வச்சிரணும், அரை மணி நேரத்துல கை ஓயும்னா பதினஞ்சு நிமிஷத்துல வச்சிருங்க. கொஞ்சம் நல்லா இருக்க நாள்ல மாவாட்டி, துணி தொவைச்சு, பாக்கி வேலையெல்லாம் ஒரேயடியா முடிச்சிராதீங்க, அங்கதான் எல்லாரும் மாட்டுதாங்க. என்ன செஞ்சீய, என்னைக்குப் படுத்தீயன்னு ஒரு நோட்டுல ரெண்டு வாரம் எழுதுங்க.

நேர்ல பாக்காம இதுதான் நோய்னு நான் சொல்லல. சாயங்காலக் காய்ச்சல், எடை குறையுறது, விடாத இருமல் இருந்தா டிபி பாக்கணும், வைட்டமின் பி12 பாத்தாச்சான்னு நீங்க எழுதல. தூங்கி எந்திரிச்சாலும் தெளிவில்லையா, பீடி எண்ணும்போது கணக்கு விட்டுப்போவுதா, நின்னா தலை சுத்துதா, இதையும் குறிச்சுக்கிட்டு பக்கத்துல ஒரு பொது மருத்துவர்ட்ட போங்க, நிக்கவச்சு பிபி பாக்கச் சொல்லுங்க. போம்போது வீட்டுக்காரரையும் அந்த நோட்டையும் கூட்டிட்டுப் போங்க.