சியாரா கொலொன்னா போப்பை அறைந்தாரா? கேள்வி பதில்

கேள்வி: போப் எட்டாம் போனிஃபாஸுக்கும் ரோமின் கொலொன்னா பிரபுக் குடும்பத்தைச் சேர்ந்த சியாரா கொலொன்னாவுக்கும் பகை எதில் ஆரம்பித்தது?

பதில்: நிலத்தில். போப் தம் கயெத்தானி குடும்பத்துக்கு ரோமின் தெற்கே நிலம் வாங்கிக் குவித்தார். அதற்காகத் தம் சொந்த ஊரான அனாக்னியிலிருந்து வந்த பணத்தை 1297 மே 3 அன்று சியாராவின் சகோதரர் ஸ்தெஃபானோ அப்பியா சாலையில் மடக்கிப் பறித்தார். பணம் திரும்பி வந்தும் போப் விடவில்லை. ஸ்தெஃபானோவும் வேண்டும், கோட்டைகளும் வேண்டும் என்றார். கொலொன்னாக்கள் மறுத்தார்கள். 'உமக்கு முன் போப்பாக இருந்த செலஸ்தீன் பதவி விலகியதே செல்லாது, ஆகவே நீர் போப் அல்ல' என்ற அவர்களின் அறிக்கை அதன் பிறகுதான் வந்தது. இந்த வரிசையை மாற்றிப் படித்தால் வெறும் மதச் சண்டையாகத் தெரியும்.

கேள்வி: கொலொன்னாக்களின் ஊரான பாலெஸ்திரினாவில் உப்பு தூவினார்களாமே?

பதில்: ஆமாம். 1298-இல் சரணடைந்த ஊரை இடித்து, பழைய ரோமர்கள் அழித்த கார்த்தேஜ் நகரைப் போல உழுது உப்பு தூவச் செய்ததாகப் போப்பே தம் ஆணையில் சொல்கிறார். குடும்பம் நாடுவிட்டு ஓடியது. சியாரா பிரெஞ்சு அரசர் நான்காம் ஃபிலிப்பின் பக்கம் சேர்ந்தார்.

கேள்வி: அனாக்னியில் அறைந்தது உண்மையா?

பதில்: நேரில் இருந்த ஆங்கிலேயர் ஒருவரின் கடிதத்தில் அறை இல்லை. அதில் இருப்பது இதைவிடக் கடுமையானது. ஃபிலிப்பைத் திருச்சபையிலிருந்து விலக்கும் போப்பின் ஆணை 1303 செப்டம்பர் 8 அன்று வெளியாக இருந்தது. அதை முந்த 7-ஆம் தேதி விடியலில் சியாராவும் அரசரின் ஆள் நொகரேயும் ஊருக்குள் நுழைந்தார்கள். வாயிலை உள்ளூர்க்காரர்களே திறந்துவிட்டார்கள். சண்டையை நிறுத்திப் பேசினார்கள். பதவி விலக வேண்டும், போப் பதவி பறித்த கொலொன்னா குடும்பத்துக் கர்தினால்களை மீண்டும் ஏற்க வேண்டும், தம்மிடம் சரணடைய வேண்டும் என்பவை சியாராவின் நிபந்தனைகள். போப் மறுத்தார். மாளிகைக்குப் போகும் வழியில் இருந்த பேராலயக் கதவுகளை எரித்துக்கொண்டு உள்ளே போனார்கள். 'இதோ என் கழுத்து, இதோ என் தலை' என்றார் போப். சியாரா கொல்லத் துடித்தார். கூட இருந்தவர்கள் தடுத்தார்கள்.

கேள்வி: அப்படியானால் ஏன் தோற்றார்கள்?

பதில்: கொல்வதா, விசாரணைக்குக் கொண்டுபோவதா என்று ஒத்துப்போகவில்லை. அந்தத் தாமதத்தில் 9-ஆம் தேதி ஊர்மக்கள் திரண்டு அவர்களை விரட்டினார்கள். போப் ரோம் திரும்பி அக்டோபர் 11 அன்று இறந்தார். தம் கையைத் தாமே கடித்துச் செத்தார் என்பது கட்டுக்கதை: 1605-இல் கல்லறையைத் திறந்தபோது கைகள் சேதமில்லாமல் இருந்தன.

கேள்வி: சியாரா பிறகு என்ன ஆனார்?

பதில்: பகையை விடவில்லை. 1328 ஜனவரியில் ரோம் மக்களின் பெயரால் ஜெர்மன் அரசர் பவேரியாவின் லூயிக்குப் பேரரசர் முடி சூட்டினார், அப்போதைய போப்பின் அனுமதியே இல்லாமல். ஸ்தெஃபானோவோ அந்தப் போப்பின் பக்கம். லூயி ரோமை விட்டதும் சியாராவும் வெளியேறி, 1329-இல் இறந்தார்.