சக்கரம் உள்ள ஹெலிகாப்டர் தரையில் ஓடும்போது கவிழாமல் விமானி எப்படிப் பார்த்துக்கொள்கிறார்?

எம்ஐ-17 போன்ற ஹெலிகாப்டர்கள் தரையில் உருண்டு போகும்போதும் மேலே ரோட்டர் (சுழலும் பெரிய இறக்கைகள்) சுற்றிக்கொண்டேதான் இருக்கும். ஆபத்து அங்கேதான். கலெக்டிவை (ரோட்டரின் தூக்கும் விசையைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோலை) அதிகம் ஏற்றினால் எடையில் ஒரு பங்கை ரோட்டர் தாங்கிக்கொள்ளும். சக்கரங்களின் பிடி தளரும். அப்போது வேகமாகத் திரும்பினால் உடல் வெளிப்பக்கம் சாயும். ஒரு பக்கச் சக்கரம் எழும்பிவிட்டால், மறுபக்கச் சக்கரத்தை அச்சாக வைத்து மொத்த இயந்திரமும் புரளத் தொடங்கும். பல ஹெலிகாப்டர்களில் 5 முதல் 8 டிகிரி சாய்வைத் தாண்டினாலே சைக்ளிக்கை (ரோட்டரை வேண்டிய பக்கம் சாய்க்கும் கைப்பிடியை) மட்டும் நம்பி மீட்க முடியாது. பக்கக்காற்றும் சரிவான தரையும் நிலைமையை இன்னும் மோசமாக்கும்.

அதனால் விரைந்து நடக்கும் வேகத்தைத் தாண்டாமல், கலெக்டிவைக் குறைவாக வைத்து, வால் ரோட்டரைக் கட்டுப்படுத்தும் கால் பெடலால் நிதானமாகத் திரும்ப வேண்டும். திரும்பும் பக்கமாக சைக்ளிக்கைக் கொஞ்சம் சாய்த்தால் உடல் மட்டமாக நிற்கும். கொஞ்சம்தான், கலெக்டிவ் தாழ்ந்திருக்கும்போது சைக்ளிக்கை அதிகம் தள்ளினால் ரோட்டர் தலைப்பகுதி சேதமாகும்.

சாயத் தொடங்கிவிட்டதா? கலெக்டிவை உடனே, ஆனால் சீராக இறக்குங்கள். மேலே தூக்கித் தப்பிக்கலாம் என்ற உந்துதல் வரும், அதுதான் கவிழ்த்துவிடும். வெடுக்கென்று இறக்கினாலும் எழும்பிய சக்கரம் தரையில் மோதி, எதிர்ப்பக்கம் புரளக்கூடும்.