தன் சேமிப்பைத் தானே வெட்டாத நொதி

அன்புள்ள ஆசிரியருக்கு,

தாக்க வந்த வைரஸின் டி.என்.ஏ.விலிருந்து ஒரு துண்டை எடுத்து பாக்டீரியா தன் மரபணுத் தொகுதிக்குள்ளேயே சேமித்துக்கொள்கிறது, அதே வைரஸ் மீண்டும் வந்தால் அதைக் கொண்டு அடையாளம் கண்டு வெட்டுகிறது என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் சேமித்து வைத்த துண்டையே அந்த நொதி வெட்டிவிடாதா? இரண்டும் ஒரே வரிசைதானே?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டிருக்கிறீர்கள். அப்படி வெட்டும் நொதியின் பெயர் காஸ்9. அதன் அழகே இதற்கான விடையில்தான் இருக்கிறது.

காஸ்9 நேராக அந்தத் துண்டைத் தேடிப் போவதில்லை. முதலில் மிகச் சிறிய ஓர் அடையாளத்தைத் தேடுகிறது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜெனஸ் பாக்டீரியாவின் காஸ்9-க்கு அது டி.என்.ஏ. வரிசையில் அடுத்தடுத்து வரும் இரண்டு 'ஜி' எழுத்துகள் (டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளில் ஒன்று 'ஜி'). டி.என்.ஏ.வைத் தொட்டும் விலகியும் அலையும் நொதி, அவற்றைக் கண்டால்தான் நின்று பக்கத்திலுள்ள இரட்டை இழையைப் பிரிக்கத் தொடங்கும். பிறகு, சேமித்த துண்டின் நகலாகத் தன்னிடமுள்ள வழிகாட்டி ஆர்.என்.ஏ.வின் 20 எழுத்துகளையும் அந்த அடையாளத்தின் பக்கத்திலிருந்து வரிசையாகப் பொருத்திப் பார்க்கும். தொடக்கத்திலேயே பொருந்தாவிட்டால் விட்டு நகர்ந்துவிடும். பொருந்தினால் இரண்டு இழைகளும் அறுபடும்.

வைரஸில் அந்தத் துண்டை ஒட்டி இரண்டு ஜி-க்கள் இருக்கின்றன. பாக்டீரியாவின் சேமிப்பில் அதே துண்டை ஒட்டி இருப்பதோ, திரும்பத் திரும்ப வரும் வேறொரு வரிசை. அங்கே அந்த அடையாளம் கிடையாது. அடையாளத்தை வைரஸிடமே விட்டுவிட்டுத்தான் பாக்டீரியா துண்டை எடுத்துக்கொள்கிறது! வைரஸும் சளைத்ததல்ல. ஒரே ஒரு ஜி மாறினாலும் அது தப்பிவிடக்கூடும்.

இந்த இடத்தில் லிதுவேனியாவின் உயிர்வேதியியலாளர் விர்ஜினியஸ் ஷிக்ஷ்னிஸைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. வில்னியஸ் நகரில் அவர் நெடுங்காலம் ஆராய்ந்தவை ரெஸ்ட்ரிக்ஷன் நொதிகள். அவையும் பாக்டீரியாவின் தற்காப்புக் கருவிகள்தாம். அங்கே தன் டி.என்.ஏ.வில் மெத்தில் என்ற சிறு வேதிக் குறியிட்டு பாக்டீரியா அதை வெட்டுப்படாமல் காத்துக்கொள்கிறது. அதாவது, உங்கள் கேள்வி அவர் துறைக்குப் பழைய கேள்வி. தயிர் உறைய வைக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோபிலஸ் இப்படி எதிர்ப்பு பெறுவதை டானிஸ்கோ நிறுவன ஆய்வாளர்கள் 2007-இல் நிறுவியதும், அவர் கிரிஸ்பர் எனப்படும் இந்தச் சேமிப்பு அமைப்பின் பக்கம் திரும்பினார். 2011-இல் அவர் குழு அந்த அமைப்பை அப்படியே ஈ.கோலை என்ற வேறொரு பாக்டீரியாவுக்கு மாற்றி, அங்கும் அது வேலை செய்வதைக் காட்டியது.

2012-இல், சோதனைக் குழாயில் காஸ்9 வெட்டுவதைக் காட்டிய அவருடைய கட்டுரையை 'செல்' என்ற அறிவியல் இதழ் மதிப்பாய்வுக்கே அனுப்பாமல் திருப்பியது. அது வேறோர் இதழில் செப்டம்பரில் வெளிவந்தது. இதையே ஆராய்ந்த ஜெனிஃபர் டவுட்னா, இம்மானுவேல் ஷார்பென்டியே ஆகியோரின் கட்டுரை ஜூனிலேயே வந்துவிட்டது. காஸ்9-க்கு வழிகாட்டத் தேவையான இரண்டு ஆர்.என்.ஏ.க்களை ஒன்றாக இணைத்து, யாரும் எளிதில் கையாளும்படி செய்தது அவர்களுடைய சாதனை. அதில் எனக்கு ஐயமில்லை. 2020-இல் நோபல் பரிசு அவர்கள் இருவருக்கு மட்டுமே கிடைத்தது. ஆனால் அதை மூவர்வரை பகிரலாம். 2018-இல் காவ்லி என்ற அறிவியல் பரிசு ஷிக்ஷ்னிஸையும் சேர்த்து மூவருக்கும் வழங்கப்பட்டது. நோபல் குழுவும் அப்படிச் செய்திருக்க வேண்டும்.