வாப்பிங்கில் ஒரு மதில்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

லண்டனின் பழைய தொழிலாளர் குடியிருப்புகளைப் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பை வாசித்துவிட்டுச் சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய துறைமுகப் பகுதியான வாப்பிங் போனேன். ஈஸ்ட் ஹாமில் பன்னிரண்டு ஆண்டுகளாக இருந்தும் அந்தப் பக்கம் போனதில்லை. நடைக்கான செயலி ஒன்றை அலைபேசியில் இறக்கிக்கொண்டு, டவர் ஹில்லில் தொடங்கித் தேம்ஸ் நதியோரமாகவே நடந்தேன். ஒரு மதுக்கூடம், ஒரு கடற்கொள்ளையர் கதை, மறுபடியும் ஒரு மதுக்கூடம். கிடங்குகளாக இருந்தவை எல்லாம் பெரும் பணக்காரர்களின் அடுக்கு வீடுகளாகிவிட்டன. உழைப்பாளர் பேட்டை என்று தலைப்புப் போட்டிருந்தார்கள். அவர்கள் வாழ்ந்த சுவடு ஒன்றைக்கூட நான் காணவில்லை. அடுத்த முறை பணம் கொடுத்து வழிகாட்டி ஒருவரோடுதான் போக வேண்டுமா? அல்லது பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் மிஞ்சவில்லையா?

ர., லண்டன்

அன்புள்ள ர.,

உங்கள் சலிப்பு எனக்குத் தெரிந்த சலிப்புதான். முதல் தடவை நானும் நதியோரமாகவே நடந்தேன். 1701இல் கேப்டன் கிட் என்ற கடற்கொள்ளையரைத் தூக்கிலிட்ட இடம் எது என்று தேடி அரை நாளைச் செலவழித்தேன். அறைக்குத் திரும்பிய பிறகுதான் புரிந்தது: நதிக்கரை சரக்கு வந்து இறங்கிய பக்கம். உழைத்தவர்கள் வடக்கே இருந்த சந்துகளிலிருந்து வந்தார்கள். அவர்கள் வந்த திசையில் நடந்தால்தான் அவர்கள் பார்த்ததைப் பார்க்க முடியும்.

ஆகவே ஷாட்வெல் நிலையத்தில் இறங்குங்கள். கேபிள் தெருவில் மேற்கே சில நிமிடங்கள் நடந்தால் செயின்ட் ஜார்ஜ் டவுன் ஹால். அதன் பக்கச் சுவர் முழுவதும் ஓவியம். 1936 அக்டோபர் 4 அன்று பிரிட்டிஷ் பாசிசத் தலைவர் மோஸ்லியின் கருஞ்சட்டைப் படை இந்த வட்டாரத்துக்குள் ஊர்வலமாக நுழையப் பார்த்தது. அதற்கு வழி திறந்துவிட முயன்ற போலீசாரைத் தெருவுக்குக் குறுக்கே தடுப்பு போட்டு மறித்தவர்கள் யூதத் தையல்காரர்களும், ஐரிஷ் துறைமுகத் தொழிலாளர்களும், அவர்கள் வீட்டுப் பெண்களும். ஓவியம் 1983இல் முடிந்தது. பல முறை சாயம் ஊற்றிப் பாழாக்கினார்கள். பல முறை மீட்டார்கள். இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினாலும் தகும். ஆனால் நான் உங்களை அழைத்துப்போக விரும்பும் சுவர் வேறு.

டவுன் ஹாலுக்குப் பின்னால் பூங்கா. அதைக் கடந்தால் தேவாலயம், அதற்கும் தெற்கே ஹைவே என்ற பெருஞ்சாலை. முன்பு ராட்கிளிஃப் ஹைவே என்று பெயர், மாலுமிகளின் தெரு. கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் வந்த லஸ்கர்கள், அதாவது இந்திய மாலுமிகள், திரும்பும் கப்பலுக்காகக் காத்திருந்து குளிரில் நோயுற்ற நெரிசலான விடுதிகள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த ஷாட்வெல் பகுதியில்தான் இருந்தன. சாலையைக் கடந்தவுடன் பென்னிங்டன் தெரு. அங்கே நில்லுங்கள்.

தெருவின் தெற்குப் பக்கம் முழுவதும் கருத்த செங்கல் நீண்டுகொண்டே போகும். 1805இல் திறந்த லண்டன் டாக்ஸ் என்ற கப்பல்துறையின் வடக்கு எல்லை அது. புகையிலை, ஒயின், பிராந்தி, அரிசி எல்லாம் இதற்குள் வந்து இறங்கின. துறைமுகத்துக்கு எதற்குக் கோட்டைச் சுவர்? எந்தப் படையும் வரப்போவதில்லை. உள்ளே வேலை செய்தவர்களை நம்பாமல் எழுப்பிய மதில் இது.

களத்தில் நெல் அடித்து முடித்தபின் சிந்திக் கிடப்பதைக் கூட்டி எடுத்துக்கொள்ளும் உரிமை நம் கிராமங்களில் உழைத்தவர்களுக்கு இருந்தது அல்லவா? தேம்ஸ் நதியிலும் அப்படி ஒரு வழக்கம் இருந்தது. மூட்டையிலிருந்து சிந்திய சர்க்கரை, கிடங்குத் தரையில் கிடந்த புகையிலைத் தூள், கப்பல் கட்டும் இடத்தில் வெட்டி விழுந்த மரத்துண்டு ஆகியவற்றைத் தங்கள் கூலியின் ஒரு பங்காகவே நதித் தொழிலாளர்கள் கருதினார்கள். கையில் கிடைத்த காசு குறைவாக இருந்ததற்கு அதுவே ஈடு. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வணிகர்கள் அந்த வழக்கத்துக்குத் திருட்டு என்று பெயர் வைத்தார்கள். நதியில் வேலை செய்யும் 33,000 பேரில் 11,000 பேர் குற்றவாளிகள் என்று பேட்ரிக் கோல்குஹூன் என்ற லண்டன் நீதிபதி கணக்குப் போட்டுக் காட்டினார். அவரும் ஜான் ஹாரியட்டும் சேர்ந்து 1798 ஜூலையில் வாப்பிங் கரையில் நதிப் போலீசைத் தொடங்கினார்கள். அதன் செலவில் பெரும்பங்கைக் கொடுத்தவர்கள் மேற்கிந்தியத் தீவுகளோடு வணிகம் செய்தவர்கள், அடிமைகள் விளைவித்த சர்க்கரையை விற்றவர்கள். அதே ஆண்டு அக்டோபரில், நிலக்கரி எடுத்ததற்காகச் சுமைக்காரர்கள் தண்டிக்கப்பட்டபோது, கூட்டம் அந்தக் காவல் அலுவலகத்தைத் தாக்கியது. இரு பக்கமும் உயிர் போனது. ஏழு ஆண்டுகள் கழித்து மதிலுக்குள் துறை திறந்தது.

உங்கள் செயலி இந்த மதிலைக் காட்டியிருக்காது. அதில் ஒட்டிவைக்க ஒரு வீரனின் பெயர் இல்லை. ஆனால் வாப்பிங்கில் உழைப்பாளியைப் பற்றி இதைவிட நேரடியாகப் பேசும் பொருள் எதையும் நான் பார்த்ததில்லை. அவருடைய ஊதியம், அவருடைய உடம்பு, அவர்மேல் இருந்த சந்தேகம் எல்லாம் இந்தச் செங்கல்லில் இருக்கின்றன.

கப்பல்துறையின் வாயில்களில் காலையில் ஆள் எடுப்பார்கள். மேஸ்திரி வந்து நின்று கூட்டத்திலிருந்து ஆட்களைப் பொறுக்குவார். அவர் கண்ணில் படுவதற்காக ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறுவார்கள். எடுபட்டால் நாள் முழுக்க வேலை என்ற உறுதியும் கிடையாது. ஒரு மணி நேரத்தில் அனுப்பிவிடலாம். 1889 ஆகஸ்டில் வெஸ்ட் இந்தியா டாக் என்ற இன்னொரு கப்பல்துறையில் தொடங்கிய வேலைநிறுத்தம் லண்டன் துறைமுகம் முழுவதையும் ஐந்து வாரம் நிறுத்தியது. மணிக்கு ஆறு பென்ஸ், எடுத்தால் குறைந்தது நான்கு மணி நேர வேலை: இவைதான் முக்கியமான கோரிக்கைகள். பட்டினி அவர்களை முறிக்கும் நிலை வந்தபோது ஆஸ்திரேலியத் தொழிலாளர்கள் 30,000 பவுண்டுக்கு மேல் திரட்டி அனுப்பினார்கள். முகம் தெரியாதவர்களுக்காக உலகத்தின் மறுகோடியிலிருந்து வந்த அந்தப் பணத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடுகிறது. ஆறு பென்ஸ் கிடைத்தது.

துறை 1969இல் மூடப்பட்டது. மதில் ஓய்வெடுக்கவில்லை. அதே நிலத்தில் பத்திரிகை அதிபர் ரூபர்ட் மர்டாக்கின் நிறுவனம் புதிய அச்சகம் எழுப்பியது. 1986 ஜனவரியில் வேலைநிறுத்தம் செய்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட அச்சுத் தொழிலாளர்கள் வேலையிழந்தார்கள். தி டைம்ஸ் நாளிதழின் ஆசிரியர் குழு பென்னிங்டன் தெருவின் பழைய ரம் கிடங்கில் உட்கார்ந்து எழுதியது. வேலிக்கும் குதிரைப் போலீசுக்கும் அப்பால் தொழிலாளர்கள் ஓராண்டு வெளியே நின்றார்கள். 1987 பிப்ரவரியில் தோற்றார்கள். முதலில் பொருளை வெளியே விடாமல் காத்த எல்லை, பிறகு ஆளை உள்ளே விடாமல் காத்தது. இப்போது அந்த இடத்தில் விலை உயர்ந்த குடியிருப்பு. உங்களுக்கு எரிச்சல் மூட்டிய அடுக்கு வீடுகளையும் இந்தக் கதையின் தொடர்ச்சியாகவே பாருங்கள்.

தெருவின் கிழக்கு முனையில் டொபாக்கோ டாக் என்ற பழைய புகையிலைக் கிடங்கு. வெளியிலிருந்து பார்த்துவிட்டு வாப்பிங் லேனில் தெற்கே இறங்குங்கள். வலப்பக்கம் ரெய்ன் தெருவில் 1719இல் கட்டிய ஏழைப் பிள்ளைகளின் பள்ளி. இறைவனுக்கும் மனிதனுக்கும் நீ செய்ய வேண்டிய கடமையை உள்ளே வந்து கற்றுக்கொள் என்று முகப்பில் பொறித்திருக்கிறார்கள். எந்தக் கடமை, யாருக்கு என்று கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நில்லுங்கள். அதைத் தாண்டி கிரீன் பேங்க் தெருவில் ஐரிஷ் தொழிலாளர்களின் கத்தோலிக்கக் கோயில்.

சுற்றியுள்ள சந்துகளில் செங்கல் குடியிருப்புகள் தெரியும். இரண்டு உலகப் போர்களுக்கும் இடையில் லண்டன் கவுன்ட்டி கவுன்சில் கட்டியவை. நீண்ட நடைமாடங்கள், காயும் துணிகள், பூத்தொட்டிகள், சாய்த்து வைத்த சைக்கிள்கள். நதியோரமாக மட்டும் நடந்தவர் இதைத் தவறவிடுவார். உழைப்பாளர்களின் சுவடு ஒன்றைக்கூடக் காணவில்லை என்று நீங்கள் எழுதியதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். அவர்கள் ஒரு தெரு பின்னால் குடியிருக்கிறார்கள். அது அவர்கள் வீட்டு வாசல், ஆகவே புகைப்படக் கருவியை உள்ளே வைத்துவிடுங்கள்.

வழிகாட்டிகளைக் குறை சொல்லமாட்டேன். நன்றாகத் தெரிந்தவர் கிடைத்தால் அந்தக் காசு வீண் போகாது. ஆனால் இருபது பேரை இழுத்துக்கொண்டு போகிறவரால் ஒரு மதிலின் முன் அரை மணி நேரம் நிற்க முடியாது. தனியே போகிறவரால் முடியும். அதற்காகத்தான் தனியே போகச் சொல்கிறேன்.

கடைசியில் நதிக்கு வாருங்கள். வாப்பிங் ஹை தெருவின் கிடங்குச் சுவர்களை அண்ணாந்து பாருங்கள். ஒவ்வொரு மாடியிலும் ஒன்றன்மேல் ஒன்றாக நேர்வரிசையில் இருக்கும் பால்கனிகள் பல, ஒரு காலத்தில் மூட்டையை வாங்கிய கதவுகள். பாரந்தூக்கியில் ஆடிவரும் சுமையை அந்தரத்தில் எட்டிப் பிடித்து உள்ளே இழுத்தவர் அந்த விளிம்பில்தான் நின்றார். டவுன் ஆஃப் ராம்ஸ்கேட் என்ற மதுக்கூடத்தின் பக்கவாட்டில் ஒரு ஆள் நுழையும் சந்து; அது முடியும் இடத்தில் வாப்பிங் ஓல்டு ஸ்டேர்ஸ், தண்ணீருக்குள் இறங்கும் கல்படிகள். பழைய படி நடுவே குழிந்து தேய்ந்திருக்கிறது. மாலுமிகளும் படகோட்டிகளும் ஏறி இறங்கிய தேய்மானம்.

போவதற்கு முன் ஓத நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். லண்டனில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே நதி ஏழு மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும். இரண்டாம் தடவை நான் ஏற்றத்தில் போய்ச் சேர்ந்து, மேலே நான்கு படிகளை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினேன். வற்றத்தில் போனாலும் பாசி வழுக்கும், அடி பிடிக்கும் செருப்பு போடுங்கள். கீழே சேற்றில் பழைய ஆணி, களிமண் புகைக்குழாய்த் துண்டு எல்லாம் கிடக்கும். கை நீளும். எடுத்துவிடாதீர்கள், கரையில் கிடப்பதைப் பொறுக்க லண்டன் துறைமுக ஆணையத்தின் அனுமதிச் சீட்டு வேண்டும்.