பலித்துவிட்டால் போதுமா?

கேள்வி: ஊரிலிருந்து வந்த ஒரு தீர்க்கதரிசி, வீட்டு ஜெபக்கூட்டத்தில் என் மகனுக்கு வேலை கிடைக்கும் என்றார், ஒரே மாதத்தில் அது பலித்தது. இப்போது எங்கள் குடும்பத்தின்மேல் ஒரு சாபம் இருப்பதாகவும், அதை முறிக்க விசேஷ காணிக்கையை ‘பேநவ்’ என்னும் பணப்பரிமாற்றச் சேவை மூலம் அனுப்பும்படியும் சொல்கிறார். எங்கள் போதகர் வேண்டாம் என்கிறார். யாரை நம்புவது?
— ஒரு வாசகி, உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

பதில்: உங்கள் போதகரை நம்புங்கள், சகோதரி. மகனுக்கு வேலை கிடைத்ததற்காகத் தேவனுக்கு நன்றி சொல்லுங்கள். ஆனால் ‘பலித்தது’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் என்னைக் கவலைகொள்ள வைக்கிறது. பலித்த ஒரு வாக்கைக் கண்டபின்புதான் நம் மக்கள் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுகிறார்கள்.

ஒருவன் சொன்ன அடையாளம் நடந்தேறினாலும், அவன் வேறு தேவர்களைப் பின்பற்ற அழைத்தால் அவனுக்குச் செவிகொடுக்கக் கூடாது என்கிறது உபாகமம் 13-ஆம் அதிகாரம். சொன்னது நடக்காவிட்டால் அது கர்த்தர் சொல்லாத வார்த்தை என்று 18-ஆம் அதிகாரம் கூறுகிறது. நடந்துவிட்டாலே அது கர்த்தருடைய வார்த்தைதான் என்று இந்த இரண்டு அதிகாரங்களும் கூறவில்லை. பிலிப்பி பட்டணத்தில் குறிசொல்லும் ஆவி பிடித்திருந்த அடிமைப்பெண், பவுலும் அவரோடு இருந்தவர்களும் உன்னதமான தேவனுடைய ஊழியக்காரர் என்று பல நாள் கூவினாள். அவள் சொன்னது முழு உண்மை. ஆயினும் பவுல் சினங்கொண்டு அந்த ஆவியைத் துரத்தினார்; அவளுடைய குறியால் மிகுந்த ஆதாயம் கண்டுவந்த எஜமான்களோ, வருமானம் போயிற்றே என்று அவரைப் பிடித்து அதிகாரிகளிடம் இழுத்துச் சென்றார்கள்.

பணத்தைப் பற்றி ஆதித்திருச்சபை இன்னும் வெளிப்படையாகவே பேசியது. 1873-இல் கண்டெடுக்கப்பட்டு 1883-இல் அச்சேறிய ‘திதாக்கே’ என்னும் தொன்மையான சபை ஒழுங்கு நூல், ஆவியில் பேசுவதாகச் சொல்லித் தனக்குப் பணம் கேட்பவனுக்குச் செவிகொடுக்காதே என்றும், தேவையில் இருக்கும் பிறருக்காகக் கேட்டால் அவனைக் குற்றப்படுத்தாதே என்றும் பிரித்துச் சொல்கிறது. சாபத்தைப் பொறுத்தவரை, கிறிஸ்து நமக்காகச் சாபமாகி நம்மை மீட்டுக்கொண்டார் என்று கலாத்தியர் 3:13 சொல்லியிருக்க, அதற்கு மேல் ஒரு கட்டணம் கேட்பது சிலுவையையே போதாதென்று சொல்வதாகும்.

‘நான் அபிஷேகம்பண்ணினவர்களைத் தொடாதே’ என்னும் வசனத்தைக் காட்டி உங்களை மௌனமாக்க முயல்வார்கள். இதை நான் முன்பும் இப்பக்கத்தில் எழுதிச் சிலருடைய கோபத்துக்கு ஆளாகியிருக்கிறேன், மறுபடியும் எழுதுகிறேன். 105-ஆம் சங்கீதத்தில் அந்த வார்த்தை, கொஞ்சத் தொகையினராய்ப் பரதேசிகளாக அலைந்த முற்பிதாக்களை ஒடுக்கக் கூடாதென்று ராஜாக்களுக்கு இடப்பட்ட கட்டளை. பிரசங்கியைக் கேள்வி கேட்கும் விசுவாசிக்கு அது சொல்லப்படவே இல்லை. தீர்க்கதரிசிகள் இரண்டு மூன்று பேர் பேசட்டும், மற்றவர்கள் நிதானிக்கட்டும் என்று கொரிந்து சபைக்குப் பவுல் எழுதியபோது, நிதானிக்கும் பொறுப்பைச் சபையிடம்தான் ஒப்படைத்தார்.

ஆகவே காணிக்கையை அனுப்பாதீர்கள். உங்களிடம் தனியாகச் சொன்னதை, உங்கள் போதகரும் மூப்பர்களும் இருக்கும்போது ஒருமுறை வந்து சொல்லும்படி அவரைக் கேளுங்கள்.